இடப்பக்கத்துப் படுக்கைகள்

நீலோற்பலம் என்னும் உல்லாசக் கப்பலின் ஏழாம் தளத்து இடப்பக்க அறைகளில் பிச்சாண்டி விரித்த படுக்கையில் படுத்தவர்கள் தங்கள் துயரத்தை அந்தப் படுக்கையிலேயே விட்டுவிட்டு எழுந்தார்கள் என்பதை முதலில் அறிந்தவர்கள் அப்படி எழுந்தவர்கள் அல்லர். கப்பலின் அடிவயிற்றில் வெயில் முகமே காணாமல் துணி வெளுத்துக்கொண்டிருந்த லாண்டரிக்காரர்கள்தாம். ஒரு நாள் காலையில் வந்திறங்கிய மூட்டையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுக்கக் குனிந்தவன் எடுக்க முடியாமல் நிமிர்ந்தான். மறுபடியும் குனிந்தான். பிறகு பக்கத்தில் நின்றவனைக் கூப்பிட்டான். இருவருமாக அதைத் தூக்கி, மழையில் நனைந்த நெல்மூட்டையைப் போடுவதுபோல் இயந்திரத்தின் வாய்க்குள் போட்டார்கள். உறை உலர்ந்திருந்தது, கறை இல்லை, உள்ளே ஒன்றுமில்லை. லாண்டரிக்குத் தலைவரான காயல்பட்டினத்துக் காசிம் பாய் அடுத்த உறையை உதறிப் பார்க்க முயன்று, தோள்பட்டையைத் தேய்த்துக்கொண்டு, "யாரோ ரொம்ப நாளாச் சுமந்தது இது. வெந்நீர் இன்னொரு மடங்கு விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையைப் பார்க்கப் போனார்.

பந்தியில் பிந்தி வந்தவருக்கு நகர்ந்து இடம் கொடுப்பதுபோல், கப்பல் அந்த அதிசயத்துக்கும் நகர்ந்து இடம் கொடுத்தது. இடப்பக்கத்துத் துணிகளுக்கென்று நீலக்கரை போட்ட தனிக் கூடைகள் வந்தன. அவற்றைத் தள்ளுவதற்குச் சரக்கு ஏற்றும் வண்டிகள் வந்தன. வெளுத்த நீரை வடிகட்டும் வலையில் சாம்பல் நிறத்தில் உப்புப் படிந்தது. வீணாக்குவானேன் என்று காசிம் பாய் அதைச் சமையற்கட்டுக்கு அனுப்ப, தலைமைச் சமையற்காரர் ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துவிட்டு, தாம் போகாமல் விட்ட தங்கையின் கல்யாணத்தை நினைத்தபடி அடுப்பெதிரே நெடுநேரம் நின்றுவிட்டதால், அன்று பயணிகளுக்கு மத்தியானச் சாப்பாடு தாமதமாயிற்று. அதன்பின் அந்த உப்பு கடலுக்கே போயிற்று. கப்பல் இடப்பக்கமாக ஒரு விரற்கடை சாய்ந்து போவதைக் கண்ட பொறியாளர், வலப்பக்கத்துத் தொட்டிகளில் அதற்கு ஈடாகக் கடல்நீரை நிரப்பினார். காரணம் கேட்ட கேப்டன், காரணம் சொல்லப்பட்டதும், "எடை என்றால் எடைதானே" என்று சொல்லிக் காப்பியை எடுத்துக்கொண்டார். கம்பெனி அந்த அறைகளுக்கு இளைப்பாறும் அறைகள் என்று பெயர் வைத்துக் கட்டணத்தை உயர்த்தியது. உயர்த்தியும் அவை ஒரு பயணத்திலும் காலியாக இல்லை. தீர்த்தக் கட்டத்தில் முழுகி எழ வருகிறவர்களைப்போல மக்கள் சென்னைத் துறைமுகத்தில் வந்து ஏறினார்கள், திருகோணமலை வரைக்கும் போய்த் திரும்பினார்கள், தோள் லேசாகி இறங்கினார்கள்.

லாண்டரியில் நாளடைவில் கை தேறிவிட்டது. ஒரு விரிப்பைத் தூக்கிப் பார்த்தே காசிம் பாய் சொல்லுவார்: "இது அண்ணன் தம்பி விவகாரம், ஓரத்திலே மட்டும் கனக்குது பாரு. இது பதவி உயர்வு கிடைக்காம ரிட்டையர் ஆனவரு, நடுவிலே கல்லு மாதிரி. இது என்னமோ வாப்பா, தூக்கினா வருது, கீழே வைச்சாத்தான் வைக்க முடியலே." கடைசியாகச் சொன்ன வகை பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுடையது என்று பின்னால் தெரிந்துகொண்டு, அந்த உறைகளை மட்டும் அவர் வேறு யாரிடமும் கொடுக்காமல் தாமே வெளுத்தார்.

ஏழாம் தளத்தின் வலப்பக்கத்து அறைகள் வானமாமலையுடையவை. நாங்குநேரியில் பிறந்து, ஊர்ப் பெருமாளின் திருநாமத்தையே பேராகப் பெற்றவர் அவர். அந்தக் கப்பலின் கேபின் ஸ்டூவர்டுகளில் மூத்தவர். அவர் மடித்த விரிப்பின் மூலை, புறா தன் சிறகை அடக்கிக்கொண்டதுபோல் அடங்கியிருக்கும். துண்டை மடித்து அன்னம் செய்வார், யானை செய்வார், ஏகாதசியன்று கருடன் செய்வார். அந்தக் கருடனைக் கலைக்க மனம் வராமல் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்ட சிறுமிகள் உண்டு. யார் எந்தப் பக்கம் தலைவைப்பவர், யாருக்கு வெந்நீரில் சுக்குத் தட்டிப் போடவேண்டும், யாருடைய மூக்குக் கண்ணாடி கட்டிலுக்கு இடக்கைப் பக்கம் இருந்தால்தான் காலையில் தட்டுப்படும் என்பதெல்லாம் அவர் கேளாமலே அறிந்தவை. படுக்கை விரிப்பது அவருக்கு வேலை அன்று, கைங்கரியம். பாற்கடல் நடுவே தன் உடலையே படுக்கையாக்கி எம்பெருமானைத் தாங்கிக் கிடக்கும் ஆதிசேடனை எண்ணாமல், வாய்க்குள் ஒரு பாசுரத்தை முணுமுணுக்காமல், அவர் ஒரு விரிப்பையும் உதறியதில்லை.

அந்தக் கப்பலில் ஸ்டூவர்டு ஒருவன் பெறக்கூடிய பெரிய மரியாதை, திரும்பி வரும் பயணி அவனைப் பெயர் சொல்லிக் கேட்பது. கேட்கப்பட்டவனின் பெயரை, கப்பல் நங்கூரம் எடுக்குமுன், ஊழியர்களின் மெஸ்ஸில் மேற்பார்வையாளர் ரெஜினா மேடம் உரக்கச் சொல்லுவார். மற்றவர்கள் சாப்பாட்டுத் தட்டுகளைத் தட்டுவார்கள். வானமாமலையின் பெயருக்குத் தட்டி நசுங்கிய தட்டுகள் என்று வேடிக்கையாகச் சொல்லுமளவுக்கு அது நடந்துகொண்டிருந்தது, பிச்சாண்டி வரும்வரைக்கும். அதற்குப் பின்னால் திரும்பி வந்தவர்கள் பெயரைக் கேட்கவில்லை, இடப்பக்கத்தைக் கேட்டார்கள். மெஸ்ஸில் தட்டுகள் சும்மா இருந்தன.

பிச்சாண்டி திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையோரத்து லாட்ஜ் ஒன்றில் அறை துடைத்துக்கொண்டிருந்தவன். நாற்பதைக் கடந்து கப்பலுக்கு வந்தவன். அவன் விரிக்கும் படுக்கையில் மூலை நேராக வராது. அன்னம் செய்யச் சொன்னால் கத்தரிக்காய் செய்வான். விரித்து முடித்ததும் தலையணையின்மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான், மாட்டின் முதுகைத் தட்டுவதுபோல, பிறகு போய்விடுவான். அவ்வளவுதான் அவன் செய்தது. அந்த அவ்வளவுதான் என்பதே வானமாமலையின் நெஞ்சில் நெருப்பாகக் கிடந்தது. அவன் தவம் செய்தவனாக இருந்திருந்தால் பொறுத்திருக்கலாம். கற்றவனாக இருந்திருந்தால் வணங்கியிருக்கலாம். அரவணைமேல் துயில்கின்றவனே, உன் படுக்கையை நினைந்து நினைந்து விரித்தவன் நான், உனக்குப் படுக்கை உண்டென்பதே தெரியாதவனுக்கா அந்தக் கையைக் கொடுத்தாய் என்று, இஸ்திரிப் பெட்டியை அழுத்தும்போதெல்லாம் அவர் கேட்டார். எம்பெருமானின் திருவுள்ளம் பதில் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டிதான் புகைந்தது.

இதையும் அவர் தாங்கியிருப்பார், ரங்கநாயகி அம்மாள் வந்திராவிட்டால்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் தென்னந்தோப்பும் தேங்காய்க் களமும் உடையவர் அந்த அம்மாள். ஆண்டுதோறும் ஐப்பசி மழை விட்டதும் கப்பலேறி, வலப்பக்கத்தில் ஒரே அறையில் தங்கி, வானமாமலை தம்பி இருக்கிறாரா என்று ஏறும்போதே கேட்டு, இறங்கும்போது அவருடைய பிள்ளைகளுக்கென்று தேங்காய் பர்பி கொடுத்துவிட்டுப் போகிறவர். இந்த முறை கழுத்து ஒடுங்கி, புடவை உடம்பில் நில்லாமல் வந்தார். அவருடைய ஒரே மகன் சக்கரபாணி லாரி மோதி இறந்துபோன செய்தி அவருக்கு முன்பே கப்பலுக்கு வந்திருந்தது. வானமாமலை அவருடைய அறையில் மூன்று தலையணை வைத்து, சுக்கு வெந்நீர் வைத்து, துண்டில் யானையோ அன்னமோ செய்யாமல் வெறும் தாமரை மொட்டு ஒன்றைச் செய்துவைத்துக் காத்திருந்தார். அம்மாள் நடைவழியில் அவர் முன்னால் வந்து நின்றார். பெட்டியைத் தூக்கிவந்த ஆள் இடப்பக்கம் திரும்பினான்.

"ஏனுங் தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் அம்மாள். "எனக்கு இதைத் தூக்க முடியலீங்க. அந்தப் பக்கம் படுத்தா எறங்கிருமாமா."

"அதனாலென்னம்மா. போய்ப் படுங்க. அதுவும் நம்ம கப்பலுதானே" என்றார் வானமாமலை. சொன்ன வாய் சிரித்தது. அம்மாள் போனபின் அவர் அறைக்குள் வந்து தாமரை மொட்டைப் பிரித்து, துண்டை இரண்டாக மடித்துக் கம்பியில் போட்டார். மடிப்பு ஒரு நூல் கூட விலகவில்லை.

மறுநாள் காலையில் அம்மாளை மேல்தளத்தில் கண்டார். இட்டிலியை மிளகாய்ப் பொடியோடு தின்றுகொண்டு, மந்திர வித்தைக்காரன் தொப்பியிலிருந்து முட்டை எடுத்ததைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வானமாமலை கும்பிட்டபோது, யாரோ ஓர் ஊழியருக்குத் தலையசைப்பதுபோலத் தலையசைத்தார். ஒரு தாய்க்குத் துயர் நீங்கியதைக் கண்டு ஒரு மனிதன் மகிழவேண்டும் என்பது அவருக்குத் தெரியாததன்று. ஆனால் அந்தச் சிரிப்பு தம்முடைய அறையிலிருந்து எழுந்து வந்திருக்கவேண்டிய சிரிப்பு என்பதைத் தவிர வேறெதுவும் அப்போது அவருக்குத் தெரியவில்லை.

நேரே இடப்பக்கம் போனார். பிச்சாண்டி ஓர் அறையில் விரிப்பை உதறிக்கொண்டிருந்தான்.

"என்னவே, எங்கே படிச்சீரு இதை?" என்று வாசலில் நின்றபடியே கேட்டார்.

"எத்தண்ணே?"

"இந்த வித்தையை. மந்திரமா? எந்திரம் ஏதும் மெத்தைக்கடியிலே வச்சிருக்கீரா?"

"மெத்தைக்கடியில நேத்து ஒரு சீப்பு கெடந்துச்சு. ரிசப்ஷன்ல குடுத்துட்டேன்" என்றான் பிச்சாண்டி. "நான் இன்னாண்ணே பண்றேன். விரிக்கிறேன். தட்டறேன். போயிடறேன். நீங்களும் அதானே பண்றீங்க, என்னெவிட சுத்தமா."

"அப்போ அந்த மூலையையாவது நேரா மடியும்வே. பார்க்கக் கண்ணு கூசுது."

பிச்சாண்டி மூலையை மறுபடியும் மடித்தான். முன்னைவிடக் கோணலாக வந்தது. அவன் சிரித்தான். ஏளனம் இல்லாத அந்தச் சிரிப்பு வானமாமலைக்கு ஏளனத்தைவிடக் கசந்தது. வெளியே வந்தபோது நடைவழியில் நீலக்கரைக் கூடை நின்றது, காலையில் உரித்துப்போட்ட விரிப்புகளும் உறைகளும் நிரம்பி. அதைப் பார்த்ததும் அவருக்கு ஓர் எண்ணம் தோன்றியது. கோயிலோடு வளர்ந்த ஒருவருக்கு மட்டுமே தோன்றக்கூடிய எண்ணம்.

பெருமாள் சாத்திக் களைந்த வஸ்திரத்தைப் பரிவட்டமாகத் தலையில் கட்டினால் அது எத்தனை பெரிய பேறு என்பதை அவர் அறிவார். அந்தத் துணியைப் பெற்றவர்கள் வெளுக்கப் போடமாட்டார்கள். வெளுத்தால் அதிலேறிய அருள் போய்விடும். அப்படியென்றால் அதிசயம் கையில் இல்லை, துணியில் இருக்கிறது. துயர் தீர்த்த துணியில் தீர்க்கும் சக்தி ஊறியிருக்கிறது. அதை அறியாத மூடர்கள் நாள்தோறும் அதை வெந்நீரில் கரைத்துக் கடலுக்கு ஊற்றுகிறார்கள். இத்தனை நாளாக இது தமக்குப் புலப்படாமல் போனதே என்று அவர் உள்ளுக்குள் தம்மையே கடிந்துகொண்டார். பிச்சாண்டி அடுத்த அறைக்குள் போனதும், கூடையிலிருந்து அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துத் தம் டிராலியில் ஏற்றினார். கனத்தன. கனக்கக் கனக்க அவருக்கு மகிழ்ச்சி கூடியது. இவ்வளவு அருளா, இவ்வளவு அருளா என்று ஒவ்வொன்றையும் மார்போடு அணைத்துத் தூக்கினார். டிராலியின் சக்கரங்கள் முனகிக்கொண்டே வலப்பக்கம் வந்தன.

அவற்றை வெளுக்காமலே தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். மடிப்புக் கலையாமல் வலப்பக்கத்துப் படுக்கைகளில் எல்லாம் விரித்தார். மூலைகள் புறாச் சிறகுகளாக அடங்கின. அன்று ஏகாதசி இல்லையென்றாலும் ஒவ்வொரு தலையணைமேலும் ஒரு கருடனை வைத்தார்.

பொழுது விடிந்ததும் வலப்பக்கத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. திருப்பூரிலிருந்து தேனிலவுக்கு வந்திருந்த புதுமாப்பிள்ளை, தன்னிடம் ஒருநாளும் இருந்திராத ஒரு காராம்பசுவின் பெயரைச் சொல்லித் தேம்பிக்கொண்டு வந்தான். புதுப்பெண், அது யார் லட்சுமி என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டே பின்னால் வந்தாள். கல்யாணமே வேண்டாமென்றிருந்த கல்லூரிப் பேராசிரியை ஒருத்தி, மாமியார் தன்னைக் கடைசிவரை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லவில்லை என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி, பாலை மறுத்துவிட்டு, "அவரு சாப்பிட்டாரா? அவரு சாப்பிடாம நான் எப்படி?" என்று பெற்றவர்களைக் கேட்டாள். வானமாமலை தம் டிராலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நடைவழியின் நடுவே நின்றார். அழுகை அவரைச் சுற்றி இருபுறமும் ஒழுகிப்போயிற்று.

ரெஜினா மேடம் வந்து பார்த்தார். கப்பலில் இருபது ஆண்டாக வாந்தியும் வயிற்றுப்போக்கும் பல்லி விழுந்த பாயசமும் பார்த்தவர் அவர். "சரி, துணி மாறியிருக்கு" என்று மட்டும் சொன்னார். கீழே இருந்து காசிம் பாயை வரவழைத்தார்.

"நேத்து இடப்பக்கத்துக் கூடை என்கிட்டே லேசா வந்திச்சு" என்றார் காசிம் பாய். "எல்லாரும் குணமாயிட்டாங்க போலன்னு நெனைச்சேன்." அவர் கண் டிராலியின் சக்கரங்களுக்குப் போயிற்று, ஒரு சக்கரம் வளைந்திருந்தது. "வானமாமலை ஓய், உம்ம வண்டி நேத்து முனகுனது எனக்கு அடித்தளத்திலேயே கேட்டுச்சே."

வானமாமலை பதில் சொல்லுமுன் மேல்தளத்திலிருந்து ஒரு குரல் கேட்டது, மூவரும் மேலேறிப் போனார்கள். மன்னார்குடிக் கட்டடக் காண்டிராக்டர் துரைக்கண்ணு, வலப்பக்கத்துக் கடைசி அறைக்காரர், ஆறடி ஆள், முதல்நாள் வரைக்கும் சீட்டாட்டத்தில் கப்பலையே கலகலக்க வைத்தவர், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கடலைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். "சக்கரை" என்று அழைத்தார். "சக்கரை, ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுப் போடான்னு சொன்னேனேடா. கதவுக்கிட்ட வந்து சொன்னேனேடா சாமி."

சற்றுத் தள்ளி நாற்காலியில் ரங்கநாயகி அம்மாள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். சக்கரை என்பது அவர் மகனை அவர் மட்டுமே கூப்பிட்ட பெயர். தம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து அந்தப் பெரிய மனிதரின் பக்கத்தில் போய் நின்று, ஓர் ஊரில் யாருடைய வீட்டுச் சாவு என்று தெரியாமல் பார்க்கிறவரைப்போல அவர் முகத்தைப் பார்த்தார்.

"யாருங்க அது, சக்கரை?" என்று கேட்டார்.

"என் பையங்க" என்றார் துரைக்கண்ணு. "எனக்குப் பையனே கிடையாதுங்க. மூணும் பொண்ணு. ஆனா என் பையங்க. இடது புருவத்துல ஒரு தழும்பு இருக்கும், தேங்காய் மட்டை விழுந்து. என்னமோ தெரியலீங்க, நெஞ்சு பொளக்குது." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அம்மாள் அந்தத் தழும்பை அறிவார். அது எப்படி ஏற்பட்டது என்பதையும் அறிவார். ஆனால் அறிந்ததற்கும் அவருக்கும் நடுவே நல்லதொரு இடைவெளி இருந்தது. அடுத்த வீட்டுக்காரர் சொல்லக் கேட்டதுபோல அது இருந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆண்மகன் தம் பிள்ளைக்காகத் தரையில் உட்கார்ந்து அழ, பெற்றவள் காப்பி குடித்துவிட்டு நிற்பதை அவர் கண்டார். அவர் முகத்தில் அப்போது வந்ததை வானமாமலை அடையாளம் கண்டுகொண்டார். பல மாதங்களாகக் கண்ணாடியில் தாம் பார்த்து வந்த முகம் அது.

"எந்திரிங்க" என்றார் அம்மாள், துரைக்கண்ணுவிடம். குரல் கெட்டியாக இருந்தது. "அது என்னோடதுங்க. நீங்க எதுக்குங்க அழுவறீங்க? எனக்குக் குடுத்துருங்க."

எப்படிக் கொடுப்பது என்பதை ரெஜினா மேடம் உடனே முடிவு செய்தார், குழாய் அடைத்துக்கொண்டால் ஆளை அனுப்புவதுபோல. வலப்பக்கத்துப் பயணிகள் அனைவரும் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் இடப்பக்கத்து அறைகளில் ஒரு தூக்கம் போடவேண்டுமென்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. பாட்டு நிகழ்ச்சி மாலைக்கு மாற்றப்பட்டது. பிச்சாண்டி ஒவ்வோர் அறையாக விரித்துத் தட்டிக்கொண்டே போனான். புதுமாப்பிள்ளை பசுவை விட்டு எழுந்தான். புதுப்பெண் அவனை அப்போதைக்கு மன்னித்தாள். சிறுமி எழுந்து பால் கேட்டாள். மீண்டும் கனத்துப்போன உறைகள் எல்லாம் கீழே போக, தங்களுடையதைத் திருப்பிக் கேட்க இடப்பக்கத்தில் வேறு ஒருவரும் வரவில்லை. ரங்கநாயகி அம்மாள் மட்டும் துரைக்கண்ணு படுத்திருந்த அறையின் வாசலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

துரைக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். தோள் நிமிர்ந்திருந்தது. பின், ஏதோ நினைவு வந்தவராய்த் தயங்கினார். "அம்மா, அந்த உறையிலே என்னோடதும் இருக்குமுங்களே. ஊருக்கெல்லாம் வீடு கட்டினேன். எங்கம்மா வாடகை வீட்டுலயே போய்ச் சேந்தாங்க. அதுவும் எறங்கிப் போச்சு போலிருக்கு, இப்பத் தேடினாக் காணோம்."

"இருந்தா இருக்கட்டும். ஓரமா வெச்சுக்கறேன்" என்றார் அம்மாள்.

அவர் எழுந்தார். பிச்சாண்டி உறையை உரிக்கப் போனான். "நீங்க இருங்க கண்ணு" என்று அம்மாள் அவனை நிறுத்தினார். பிறகு நடைவழியில் டிராலியின் பக்கம் தலை கவிழ்ந்து நின்ற மனிதரைப் பார்த்தார்.

"வானமாமலை தம்பி."

எத்தனை துறைமுகங்களாக அவர் காத்திருந்த அழைப்பு அது. அவர் நிமிர்ந்தபோது கால் தரையில் பாவவில்லை.

"எடுத்தது நானுங்கம்மா" என்றார். "அருளுன்னு நெனைச்சேன்."

"தெரியுமுங்க. வண்டி முனகுச்சுன்னு அந்த பாய் சொன்னாரு." அம்மாள் கடிந்துகொள்ளவில்லை, வேறு வேலை இருக்கிறவரைப்போல அவசரமாகப் பேசினார். "எனக்கு உங்க பக்கத்துல படுக்கை போட்டுக் குடுங்க. இந்த உறையையே போடுங்க. உங்க படுக்கையில படுத்தா ஒண்ணும் போகாதுல்ல?"

அந்தக் கேள்வியின் ஒவ்வொரு சொல்லும் வானமாமலைக்குள் இறங்க நேரம் பிடித்தது. தம் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். எதற்காகக் கேட்டிருக்கிறார்கள் என்பதும் சொல்லப்பட்டுவிட்டது.

"போகாதும்மா" என்றார். "என் படுக்கையிலே எதுவும் போகாது."

உறையை அவரே உரித்தார். தூக்கினார், வந்தது. ஆனால் மார்பளவுக்கு வந்ததும் உலகமே அதன் நுனியில் தொங்குவதுபோல் இழுத்தது. பிச்சாண்டி மறுமுனையைப் பிடிக்கக் கை நீட்டினான்.

"வேண்டாம்வே. இது என் அறைக்குப் போற உறை."

"முதுகு போயிடும்ணே. நான் தெனம் தூக்கறேன், எனக்குப் பழக்கம்."

"போனா என் முதுகு" என்று சொல்லி, நடைவழியின் அந்தப் பக்கம்வரைக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு, ஓரிடத்திலும் கீழே வைக்காமல், அவர் தனியாகவே தூக்கிப்போனார். வைத்தால் மறுபடி எடுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பிச்சாண்டி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதும் தெரிந்திருந்தது.

மத்தியான வெயில் சாளரத்தின் வழியே கட்டிலின்மேல் விழுந்திருந்தது. அவர் விரிப்பை விரித்தார். மூலைகளை அடக்கினார். தலையணையை உறைக்குள் இட்டார். கருடன் செய்யவில்லை, வாய்க்குள் பாசுரமும் வரவில்லை. அம்மாள் படுத்துக் கன்னத்தை உறைமேல் வைத்ததும், வெந்நீரை எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தார். தொந்தரவு செய்யாதீர் என்னும் அட்டையைக் கைப்பிடியில் தம் கையாலேயே மாட்டினார்.

பிச்சாண்டி பின்னாலேயே வந்து வாசலில் நின்றிருந்தான். "அண்ணே, ஒண்ணு கேக்கறேன்" என்றான். "எங்கிட்ட படுத்தவங்க ஒருத்தர் கூட எம்பேரைச் சொன்னதில்ல. எறங்கறப்போ என்னைத் தாண்டியே போறாங்க, தூண் மாதிரி. அந்தம்மா உங்களை எப்படிக் கூப்பிட்டாங்க பாருங்க. அதுக்கு நீங்க இன்னா பண்ணீங்க?"

வானமாமலை அவனைப் பார்த்தார். இவனுக்கும் எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது, கண்ணோரத்தில் சிறிதாக, புதிதாக ஏற்றிய அகல்போல. அதைக் கண்டு அவருக்குக் குளிர்ந்திருக்கவேண்டும். ஆனால் அவர் கண் அவனுடைய கையைத்தான் பார்த்தது. அந்தத் தடித்த உள்ளங்கையை. அதைக் காணும்போதெல்லாம் எழும் நெருப்பு அப்போதும் குறையாமல் எழுந்தது.

"மூலையை நேரா மடிச்சேன்" என்றார்.

உள்ளே முதலில் ஒன்றுமில்லை. பிறகு கட்டில் கிரீச்சிட்டது. பிறகு ஒரு குரல், அடியிலிருந்து, கிணற்றில் விழுந்த தோண்டியை இழுப்பதுபோலச் சிறிது சிறிதாக மேலேறி வந்தது. வயிறு கிழிய அம்மாள் அழுதார். சக்கரை என்றார். கதவுக்கிட்ட வந்து சொன்னேனேடா என்றார்.

இடப்பக்கத்து நடைவழியில் ஒருபோதும் கேட்டிராத சத்தம் அது. பிச்சாண்டி கதவருகே வந்தான். "அண்ணே, இப்டி அழறாங்களே. பாவம்ணே. உள்ள போய் ஒரே ஒரு தட்டு தட்டிட்டு வந்துடறேன்." அவன் கை கதவை நோக்கி நீண்டது.

வானமாமலை அவன் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் அவன் விரல்கள் விரிந்தன.

"கையை எடும். உம்ம கை பட்டாக் கதவு கூட வாங்கிக்கிடும்."

"ஒரு தட்டுதான்ணே."

"எனக்குச் சொல்லியிருக்காங்க. உமக்கில்லை."

அவன் கையை விட்டார். கதவுக்கு முதுகு கொடுத்து, சந்நிதி வாசலில் நிற்கும் துவாரபாலகர்போல் இரண்டு கால்களையும் அகல ஊன்றி நின்றார். இடுப்பு வலித்தது. பிச்சாண்டி போகாமல் எதிர்ச் சுவரில் சாய்ந்து, உள்ளங்கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்தான். வானமாமலை அவன்மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை. உள்ளே அந்த அம்மாள் தம் பிள்ளையை மறுபடியும் மறுபடியும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டிருந்தார். ஓர் அழைப்பும் வேறெங்கும் போய்விடாமல் அவரிடமே இருக்கும்படி, பொறாமை பிடித்த அந்த மனிதர் கதவை அடைத்துக்கொண்டு நின்றார்.